பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியுமா?

ப்ளைவுட் பலகையில் செய்த ஜன்னல் அது. எங்கள் டைரக்டரின் வெஸ்ட் வின்ட்சர் வீட்டு கராஜில் வைத்து அறுத்து, பச்சை வண்ணம் அடித்து, இரண்டு கதவுகளுக்கும் கீல் வைத்து நிறுத்தியிருந்தோம். கீல் சரியாகப் பொருந்தாததால் திறக்கும்போதெல்லாம் ஒரு பக்கம் முனகும். அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில், முழங்கால் வலிக்கு இதமாகக் காலை நீட்டிக்கொண்டு ஆன்ட்டி உட்கார்ந்திருப்பார். நாடகத்தில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு வசனம். பக்கத்து வீட்டில் கூச்சல் கேட்டதும் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டும். "நமக்கெதுக்கு ஊர் வம்பு" என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொள்ள வேண்டும். மேடையில் அரை நிமிடம்கூட ஆகாத வேலை. அந்த அரை நிமிடத்தைப் பற்றி ஆன்ட்டி கேட்ட ஒரு கேள்விதான் எங்கள் குழுவில் பலருடைய வாழ்க்கையை வேறு பக்கம் திருப்பியது.

ஆன்ட்டி யாழ்ப்பாணத்துக்காரர். எடிசனில் பல் மருத்துவராக இருந்தார். கணவர் முன்பே இறந்துவிட்டார், மகள் கலிபோர்னியாவில். நாம் பேசும்போது ஆன்ட்டியின் பார்வை நம் கண்ணில் நிற்காது, வாய்க்கு இறங்கிவிடும். பல்லில் குறை உள்ளவர்கள் அவர் எதிரில் உதட்டை மூடிக்கொண்டுதான் சிரிப்பார்கள். நாடகக் குழுவில் ஏன் சேர்ந்தீர்கள் என்று முதல் நாள் டைரக்டர் கேட்டதற்கு, "இவ்வளவு காலமும் மற்றாக்களின்ர வாயைத் திறக்கச் சொன்னனான். இனி என்ர வாயையும் கொஞ்சம் திறப்பம் எண்டு வந்தனான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் தமிழ்நாட்டுக் குடும்பக் கதையில் யாழ்ப்பாணப் பேச்சு ஒட்டாது என்று அவருக்கு அந்த ஒற்றை வரிப் பாத்திரம்தான் கிடைத்தது. அதையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

நாடகம் பழையது. எங்கள் தாத்தாக்கள் இளைஞர்களாக இருந்த காலத்தில் சபாக்களில் ஓகோவென்று ஓடியதாம். ஒரு பெரிய குடும்பம், அதில் ஒரு சின்ன மருமகள். அவள்மேல் ஒரு சந்தேகம் விழுகிறது. மாமனாருக்குக் குடும்ப மானம் பெரிது. மூத்த மைத்துனனுக்குக் கோர்ட்டில் நடக்கும் சொத்து வழக்கு பெரிது. வைத்தியருக்கு அவள் உடம்பில் உள்ள காயம் தெரிகிறது, ஆனால் அந்த வீட்டாரைப் பகைத்துக்கொள்ள மனமில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திக்கொள்கிறாள். மழை பெய்யும் ஓர் இரவில் சின்ன மருமகள் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். கடைசி அங்கம் முழுவதும் ஆண்கள் கூடி உட்கார்ந்து யார்மேல் தப்பு என்று நீளமாகப் பேசுகிறார்கள், அழுகிறார்கள், திருந்துகிறார்கள். கைதட்டல் வாங்குவது அந்தப் பேச்சுதான். அவள் எங்கே போனாள் என்று மட்டும் திரை விழும்வரை ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அந்த நாடகம் மனப்பாடம். வசனம் மறந்தவர்களுக்குப் பக்கத் திரையின் மறைவிலிருந்து அடியெடுத்துக் கொடுப்பது என் வேலை.

சின்ன மருமகளாக நடித்த பெண் ஈரோட்டுப் பக்கம். கல்யாணமாகிப் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து இரண்டு வருடங்கள் இருக்கும். நான் இருந்த அபார்ட்மென்ட் வளாகத்தில்தான், எங்கள் கட்டடத்திலிருந்து பார்க்கும் தூரத்தில் இருந்தாள். கணவரின் விசாவில் வந்தவள், வேலைக்குப் போக முடியாது. பக்கம் பக்கமாக வசனத்தை இரண்டே நாளில் நெட்டுருப் போட்டுவிடுவாள். நான் அவளுக்கு ஒருமுறைகூட எடுத்துக்கொடுத்ததில்லை. ஒத்திகையில் நாங்கள் எல்லோரும் அவளைச் சின்ன மருமகள் என்றே கூப்பிட்டோம். ஆன்ட்டிக்கு அவள் பேச்சு பிடித்துப்போயிற்று. "அவருகிட்டக் கேக்கோணுமுங்க" என்று அவள் ஒருநாள் சொன்னதும் ஆன்ட்டி கையைத் தட்டி, "பாருங்கோ, எங்கட ஆள் மாதிரியெல்லே கதைக்கிறாள். நாங்களும் கேக்கோணும் எண்டுதான் சொல்லுறது" என்று மகிழ்ந்தார். அவள் எதை, யாரிடம் கேட்க வேண்டும் என்று சொன்னாள் என்பது அப்போது யார் காதிலும் தங்கவில்லை.

அவள் கணவரை எங்கள் எல்லோருக்கும் பிடிக்கும். நாடகத்துக்கு சவுண்ட் பார்த்துக்கொண்டது அவர்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளைக் காரில் கூட்டி வருவார். ஒத்திகை முடியும்வரை இருந்து கூட்டிப் போவார். இடைவேளையில் அவளுக்கு அவரே டீ எடுத்து வந்து கொடுப்பார். மாமியாராக நடித்த பெண்மணி தன் கணவரிடம் எங்கள் எதிரிலேயே, "பாத்துக் கத்துக்கோங்க. நீங்க என்னைக்காவது ஒருநாள் வந்து டிராப் பண்ணிருப்பீங்களா?" என்று குத்திக் காட்டுவார். அதிர்ந்து பேசாத மனிதர். கடைசிவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

குளிர் தொடங்கிய சமயம் அவளுக்குப் பல்வலி வந்தது. டீயை ஒரு பக்கமாகவே வைத்துக் குடிப்பதை ஆன்ட்டி பார்த்துவிட்டார். திங்கட்கிழமை கிளினிக்குக்கு வா என்றார். அவள் கணவரைப் பார்த்தாள். "இன்ஷூரன்ஸ் செக் பண்ணிட்டு நானே கூட்டிட்டு வரேன் ஆன்ட்டி" என்றார் அவர், மிகவும் பணிவாக. வரவில்லை. அடுத்த சனிக்கிழமை ஆன்ட்டி, காசு எதுவும் வேண்டாம், ஓர் எக்ஸ்ரே மட்டும் எடுத்துப் பார்க்கிறேன் என்றார். "ஐயோ, அதெல்லாம் வேணாம் ஆன்ட்டி, கண்டிப்பா வரோம்" என்றார். அதற்கும் வரவில்லை. மூன்றாம் வாரம் அவள் கன்னம் லேசாக வீங்கியிருந்தது. வசனம் மட்டும் ஒரு சொல் பிசகவில்லை.

நான்காம் வாரம் அவள் ஒத்திகைக்கே வரவில்லை. காய்ச்சல் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருந்தது. அவள் இல்லாமல் செய்யக்கூடிய காட்சிகளை மட்டும் செய்வோம் என்று டைரக்டர் ஜன்னல் காட்சியை எடுத்தார். ஆன்ட்டி திறந்தார், பார்த்தார், வசனத்தைச் சொன்னார். சாத்தாமல் கையை அப்படியே வைத்துக்கொண்டு, "டைரக்டர், ஒரு கேள்வி. இந்த மனுசிக்குத் தெரியுமோ, தெரியாதோ?" என்றார்.

"எது ஆன்ட்டி?"

"அந்த வீட்டுக்குள்ள என்ன நடக்குது எண்டு."

"ஆன்ட்டி, உங்களுக்கு ஒரு லைன்தான். சொல்லிட்டு சாத்திருங்க. இவ்ளோ டீப்பா போக வேணாம்."

"தெரிஞ்சு சாத்தினால் கை ஒரு மாதிரிப் போகும், தெரியாமல் சாத்தினால் இன்னொரு மாதிரிப் போகும். நீங்கள் சொன்னால்தானே நான் செய்யலாம்."

டீ ஆறிக்கொண்டிருந்தது, எல்லோரும் பேச்சில் இறங்கிவிட்டோம். மைத்துனனாக நடித்த இளைஞர், தெரியாமல் இருக்காது, ஒட்டினாற்போல வீடு, சத்தம் கேட்டிருக்கும் என்றார். மாமியாராக நடித்தவர் மறுத்தார். "ஒரு நாள் அழுகை கேட்டிருக்கும். ஒரு நாள் கதவு சாத்துற சத்தம் கேட்டிருக்கும். ஆனா அதையெல்லாம் சேத்து வச்சுப் பாத்திருக்க மாட்டா. யாருக்கு டைம் இருக்கு?"

ஆன்ட்டி அந்த ஸ்டூலிலிருந்து எழுந்து எங்கள் வட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார். "சரி. இண்டைக்கு வராத எங்கட பிள்ளையிட்ட ஃபோன் இருக்கோ? ஆராவது பாத்தனீங்களோ?"

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவள் பெயருக்கு எதிரில் இருந்தது கணவரின் எண்தான் என்பது டைரக்டருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கணவர்தான் அப்படிச் சேர்க்கச் சொன்னாராம். மாமியாராக நடித்தவர், இந்தியக் கடைக்குப் போகும்போது ஒருநாள் அவளைக் கூப்பிட்டதாகவும், கையில் பணமில்லை, அவர் வந்தபிறகுதான் என்று அவள் சொன்னதாகவும் நினைவுகூர்ந்தார். என்னிடம் அவள் ஒருநாள், பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏற பாஸ்போர்ட் காட்ட வேண்டுமா என்று கேட்டிருந்தாள். பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டாயா என்று நான் சிரித்தேன்; அவளும் சிரித்தாள். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் ஒன்றுமில்லாத விஷயம். அந்த மதியம் அவற்றை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தபோது ஒத்திகை நடக்கும் டைரக்டர் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜன்னல் திறந்தபடியே நின்றது.

உடனே போலீஸுக்குச் சொல்லலாம் என்றேன் நான். ஆன்ட்டி அவசரப்படவில்லை. பெண்களுக்கு உதவும் ஓர் அமைப்பைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். "அவள் கேக்காமல் நாங்கள் கதவை உடைச்சால், அவள் எங்களுக்குப் பயந்து இன்னும் உள்ளுக்கை போவாள். எனக்குத் தெரிஞ்சது பல்லு. நான் பல்லைப் பாக்கப் போறன்" என்றார். அடுத்த புதன்கிழமை மதியம் கிளினிக்கை மூடிவிட்டு வந்தார். வீடு காட்டுவதற்காக நானும் உடன் போனேன்.

வாசல் மணியை அழுத்தினோம். கதவு திறக்கவில்லை. மணியிலிருந்து அவள் கணவரின் குரல் வந்தது. கேமரா வைத்த மணி அது. அலுவலகத்திலிருந்தபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வணக்கம் ஆன்ட்டி. என்ன திடீர்னு?"

ஆன்ட்டி மணிக்கு அருகில் குனிந்து, எதிரே ஆள் நிற்பதைப்போலச் சிரித்தார். "தம்பி, பிள்ளைக்குப் பல்லு நோகுதெல்லே. கையோட கூட்டிக்கொண்டு போய்ப் பாத்திட்டு விடுறன்."

"அவ தூங்கிட்டிருப்பா ஆன்ட்டி. ஈவினிங் நானே கூட்டிட்டு வரேன்."

அப்போது கதவு திறந்தது. அவள் நின்றாள், தூங்கி எழுந்த முகமாக இல்லை. கன்னத்தில் ஒரு துணியை வைத்துக் கட்டியிருந்தாள். மணி மறுபடி பேசியது, அதே பணிவான குரலில். "உள்ள போ. ஆன்ட்டிக்கு நான் சொல்லிக்கிறேன்."

அவள் மணியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். ஆன்ட்டி அவள் கையைப் பிடிக்கவில்லை, வா என்றுகூடச் சொல்லவில்லை. நான் அவளை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து செருப்பைத் தேடினாள். வெளியே பனி கொட்டிக் கிடந்தது. அவளிடம் இருந்தது வீட்டுச் செருப்பு மட்டும். அதை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். ஆன்ட்டி தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார். "எங்க போறீங்க? ஆன்ட்டி? ஹலோ?" என்று எங்களுக்குப் பின்னால் மணி கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைவாய்ப் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, எடுக்க வேண்டியதாயிற்று. பஞ்சைக் கடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தபோது ஆன்ட்டி கையுறையைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "இப்ப நீ எங்க போகோணும்?"

வீட்டுக்கு என்று சைகை காட்டினாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆன்ட்டி தலையசைத்தார். தன் தொலைபேசி எண்ணைச் சொல்லி, "உனக்குத்தான் வசனம் கெதியாப் பாடமாகுமே. இதையும் பாடமாக்கு" என்றார். அவள் பஞ்சோடு அதைத் திருப்பிச் சொன்னாள், ஓர் இலக்கம்கூடத் தவறாமல். நாங்களே அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டோம்.

அன்று மாலையே குழுவில் செய்தி வந்தது. குடும்ப காரணங்களால் இருவரும் நாடகத்திலிருந்து விலகுகிறார்கள். அடுத்த ஒத்திகையில் டைரக்டர் கொதித்துப்போயிருந்தார். "ஆன்ட்டி, ஷோ டேட் அனவுன்ஸ் பண்ணியாச்சு. ஹீரோயின் இல்ல, சவுண்ட் இல்ல. புருஷன் பொண்டாட்டி விஷயத்துல நாம எதுக்கு ஆன்ட்டி தலையிடணும்?"

ஆன்ட்டிக்கு அப்போது கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இப்ப விளங்குது டைரக்டர். அந்த மனுசிக்குத் தெரியும்" என்றார்.

விஷயம் பரவியது. நல்ல பையன், நல்ல குடும்பம், தனியாக இருக்கும் பொம்பளைக்கு அடுத்தவர் குடும்பம் கண்ணை உறுத்துகிறது என்றெல்லாம் பேசினார்கள். சில குடும்பங்கள் ஆன்ட்டியின் கிளினிக்குக்குப் போவதை நிறுத்திக்கொண்டன. நான் அதைச் சொல்லி வருத்தப்பட்டபோது, "பல்லு நோகேக்க வருவினம்" என்றார். உண்மையில் ஒவ்வொருவராகத் திரும்பி வரத்தான் செய்தார்கள்.

ஒரு மாதம் போயிருக்கும். அவள் வீட்டு வாசலைத் தினமும் கடந்துதான் நான் காருக்குப் போவேன். திரைச்சீலை இழுத்தபடியே இருக்கும். ஒரு காலையில் ஆன்ட்டி அழைத்தார். "பிள்ளை லைப்ரரியில இருந்து ஃபோன் எடுத்தவள். நீ கிட்ட இருக்கிறாய், முதல்ல நீ போ. நான் வாறன்." நான் போனபோது குழந்தைகள் பகுதியில், சின்ன நாற்காலி ஒன்றில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குப்பையைப் போட வெளியே வந்தவள் அப்படியே நடந்து வந்துவிட்டாளாம். நூலக மேசையில் இருந்த பெண்ணிடம் ஃபோன் கேட்டிருக்கிறாள். சுற்றிலும் குழந்தைகள் கதைப் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். "நம்பர் மறக்கலைங்க்கா. தெனமும் சொல்லிப் பாத்துக்குவேன்" என்றாள். ஆன்ட்டி வந்து மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை அவள், "உங்க வீட்டுக்கு வரலாமுங்களா?" என்றாள்.

அதன்பிறகு நடந்தது நீளமான, அலுப்பான வேலை. அந்த அமைப்பு ஒரு வழக்கறிஞரைக் காட்டியது. போலீஸ் துணையுடன் போய் அவள் துணிமணிகளையும் பாஸ்போர்ட்டையும் எடுத்து வந்தார்கள். விவாகரத்து, அவள் பெயரிலேயே வேலை அனுமதி என்று ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தது. ஆன்ட்டியும் அவளும் தாயும் மகளுமாக இழைந்து வாழ்ந்தார்கள் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. பல் கிளினிக்கிலேயே உதவியாளர் படிப்பு படிக்கச் சொன்னார் ஆன்ட்டி. அவளுக்குக் கணக்கு வேலைதான் வேண்டும். அவள் ரசத்தில் பூண்டு அதிகம் என்று இவர் சொல்வார். இவர் டிவி சத்தம் அதிகம் என்று அவள் சொல்வாள். டெக்ஸஸில் வேலை கிடைத்ததும் இரண்டு பெட்டிகளோடு கிளம்பிவிட்டாள். ஆன்ட்டிக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் அழைப்பு வரும் நேரத்தில் வேறு எந்த அழைப்பையும் எடுக்க மாட்டார்.

அவள் டெக்ஸஸ் போகும் முன்பே நாடகம் நடந்தது. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் சின்ன மருமகளாக நடித்தாள். ழகரம் அவளுக்கு வரவில்லை, சமாளித்தோம். ஆன்ட்டியின் வீட்டில் இருந்தவளை வரச் சொன்னபோது, "அந்தக் கதை எனக்குத் தெரியுமுங்க" என்று மறுத்துவிட்டாள். அன்று ஆன்ட்டி ஜன்னலைத் திறந்து நிதானமாகப் பக்கத்து வீட்டைப் பார்த்தார். வசனத்தைச் சொன்னார். ஒரு கதவைச் சாத்தினார். இன்னொன்றில் கை வைத்துக்கொண்டு நிறுத்தினார். வசனம் மறந்துவிட்டாரோ என்று எனக்குப் பதற்றம். அவருக்கு எடுத்துக்கொடுக்க வசனமே மிச்சம் இல்லை. பார்வையாளர் பக்கம் இருட்டிலிருந்து ஒரு பெண் குரல், "ஐயோ, சாத்தாதீங்க" என்றது. ஆன்ட்டி சாத்தினார். கடைசி அங்கத்தில் ஆண்கள் அழுத அழுகைக்கு அன்று வழக்கமான கைதட்டல் வரவில்லை. டைரக்டர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் நடத்திய எல்லா நாடகங்களிலும், எத்தனை சின்னப் பாத்திரமாக இருந்தாலும், ஒத்திகை தொடங்கும் முன் நடிப்பவரோடு உட்கார்ந்து, இந்த ஆளுக்கு என்னென்ன தெரியும் என்று பேசிவிட்டுத்தான் தொடங்கினார்.

ஆன்ட்டி சென்ற ஆண்டு, மகள் வீட்டில் இருந்தபோது காலமானார். இந்த வசந்தத்தில் அலுவலக வேலையாக டெக்ஸஸ் போயிருந்தேன். அவள் விமான நிலையத்துக்கே காரோடு வந்துவிட்டாள். அகலமான ஃப்ரீவேயில் லாரிகளுக்கு நடுவே ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். எனக்குத்தான் பயமாக இருந்தது. வீட்டில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தபோது ஆன்ட்டியைப் பற்றிப் பேசினோம். பெரிதாக எதுவும் சொல்லவில்லை அவள். "பூண்டைக் கொறச்சிட்டேனுங்க்கா" என்றாள்.

அந்த நேரத்தில் மேல் வீட்டில் தடாலென்று ஏதோ விழுந்தது. ஒரு பெண் கத்தினாள். பிறகு ஓர் ஆணின் குரல், பிறகு ஒன்றுமில்லை. நான் மேலே பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு நிமிஷம் இருங்க்கா" என்று சொல்லிக் கதவைத் திறந்து மாடிப்படி ஏறினாள். நானும் பின்னாலேயே போனேன்.

ஓர் இளைஞன் கையில் டிரில்லோடு கதவைத் திறந்தான். அவள் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவனைத் தாண்டி உள்ளே பார்த்து, அங்கே இருந்த பெண்ணிடம், நலமா, ஏதாவது வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தப் பெண் தரையில், பாதி மாட்டிய அலமாரியின் பலகைகளுக்கு நடுவே காலைப் பரப்பி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கதவு ஒன்று கைநழுவிக் கால் பக்கம் விழுந்துவிட்டதாம். அடி எதுவும் இல்லையாம். அவர்கள் சத்தத்துக்கு சாரி சொன்னார்கள். இவள் தொந்தரவுக்கு சாரி சொன்னாள். அந்தப் பெண் எழுந்து வந்து இவள் பெயரைக் கேட்டுக்கொண்டாள்.

இறங்கி வரும்போது, "உனக்குக் கூச்சமா இல்லையா?" என்றேன்.

"எதுக்குங்க்கா? ஒண்ணுமில்லைன்னா நல்லதுதானுங்களே. தப்பா நெனச்சுட்டா ஒரு சாரி. அவ்வளவுதானே" என்றாள்.

அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். மேலே டிரில் ஓடத் தொடங்கியது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம்.